கேட்மேன் துரைக்கண்ணுவின் நாலரை நிமிஷம்

நாலு மணிக்கு ஸ்பீக்கர் வாயைத் திறக்கும். இப்போது மூன்று நாற்பத்தைந்து. ஆக, இன்னும் கால் மணி நேரத்துக்கு பிரிசில்லா நல்ல பிள்ளை. அதற்கப்புறம் அவள் என்ன பிள்ளை என்பதை தாழம்பேடு ஊரே முடிவு செய்துகொள்ளும். ரயில் நிலையத்துக்கு வெளியே, முன்பு லெவல் கிராஸிங் கேட் இருந்த இடத்தில், சப்வேக்குள் இறங்குகிற ரோட்டை ஒட்டி ஷாமியானா கட்டி அறுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய மின்சார ரயில் ஸ்டேஷனையும், அதன் தலைமேல் புதிதாக வந்து நிற்கிற மெட்ரோ ஸ்டேஷனையும் சேர்க்கிற நடைபாலத்துக்கு இன்று திறப்பு விழா. பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு பிரிசில்லாவுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற வேலை. அவளோ பாட்டில் பெட்டியோடு மெட்ரோ தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, முதல் வரிசை மூன்றாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். வரவே மாட்டார் என்று இவள் நம்பியிருந்த துரைக்கண்ணு. இதே இடத்தில் முப்பத்தாறு வருஷம் கேட்மேனாக இருந்தவர். இப்போது எண்பத்திரண்டு வயசு. தேய்த்த சட்டை, படிய வாரின தலை, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருப்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை, ஒரு 'உம்' கூட வந்ததில்லை. இன்னும் கால் மணி நேரத்தில், நாலு மூலையில் கட்டியிருக்கிற நாலு ஸ்பீக்கரிலும், அதே துரைக்கண்ணு கணீரென்று நாலரை நிமிஷம் பேசப்போகிறார்.

நான் கேட்மேன் துரைக்கண்ணு பேசுறேன். அப்படித்தான் அந்தப் பதிவு ஆரம்பிக்கும். அந்த ஒரு வரி காலையிலிருந்து அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வெறுமனே 'இது கேட்மேன் துரைக்கண்ணுவின் கதை' என்று ஆரம்பித்திருந்தால் போதுமே, யார் கேட்கப்போகிறார்கள், படிக்கிற பிள்ளை படிக்கிறது என்று விட்டிருப்பார்கள். ஆனால் படிக்கிறது என்பது அவளுக்கு வராதே, ஆளாக மாறினால்தான் அவளுக்கு வாயே திறக்கும். பேசுறேன் என்றல்லவா சொல்லித் தொலைத்தாள். பேசுறேனாம். பேசாத மனுஷர். அவருக்குப் பக்கத்தில் அவர் சம்சாரம் சம்பூர்ணம் மடியில் பையை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலியில் ரிடையரான புக்கிங் கிளார்க் வேதமூர்த்தி. இவர்தான் கெடுத்தார். துரைக்கண்ணு வீட்டுக்குக் கொடு என்று இந்திராணி மிஸ் கொடுத்த அழைப்பிதழ் இன்னும் பிரிசில்லாவின் ஸ்கூல் பையில் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வேதமூர்த்தி தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து ஒட்டியிருக்கிற அத்தனை நோட்டீஸையும் ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அதில் 'நம் நிலையத்தின் கதை, உரியவர்களின் சொந்தக் குரலில்' என்று போட்டு, நான்காவது பெயராகத் துரைக்கண்ணுவின் பெயரும் போட்டிருந்தால் அவர் சும்மா இருப்பாரா. நேராக ஆட்டோ வைத்துக் கூட்டிவந்துவிட்டார். சொந்தக் குரலில். அதையும் மிஸ்தான் போடச் சொன்னார். மிஸ்ஸுக்கு என்ன தெரியும், மிஸ் வேற ஊர், மடிப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர்.

மிஸ் அழுதார். அதுதான் மோசம். விழாவுக்காக மிஸ் எடுத்துவரச் சொன்ன துரைக்கண்ணு பேட்டியைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன கம்பீரமான குரல் பிரிசில்லா, அந்தக் காலத்து மனுஷங்க குரலே தனி என்றார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பிரிசில்லாவின் வாழ்க்கையில் அதுவரை அவள் செய்த குரலுக்கு யாரும் அழுததில்லை, அடித்துத்தான் இருக்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி வராண்டாவில் பேசி எட்டாம் வகுப்பை முட்டி போட வைத்ததற்கு உண்மையான ஹெட்மிஸ்ட்ரஸ் கையால் வாங்கியிருக்கிறாள். பாஸ்டர் மாதிரி சாப்பாட்டுக்கு ஜெபம் செய்து அம்மாவிடம் கரண்டியால் வாங்கியிருக்கிறாள். போன வருஷம் ஒரு பாட்டிலை அடிப்பக்கம் வெட்டி வாயில் வைத்துக்கொண்டு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று அந்த அறிவிப்பு அம்மாள் மாதிரியே மூக்கும் தொண்டையும் சரிபாதியாகக் கலந்து, அடுத்த வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வரும் என்று சொல்லி, பதினேழு பேரைப் படியேறி இறங்க வைத்தாள். அந்த அறிவிப்பு அம்மாளுக்கு இருமலே வராது, மூச்சே வாங்காது. அவளைச் செய்வது சுலபம். சமோசாக்காரரைச் செய்வது கஷ்டம், அவர் குரலில் ஒரு பக்கம் வெற்றிலை இருக்கிறது. எல்லாம் இருக்கட்டும், இப்படி ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆமாம் மிஸ் என்று சொல்லிவிட்டாள். ஆமாம் மிஸ், நல்ல குரல் மிஸ். தன் குரலைத் தானே மெச்சிக்கொண்டு வராண்டாவில் நடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. அந்த வெட்கம் இப்போதுதான் வந்து சேர்கிறது.

மூன்று ஐம்பது. மேலே மெட்ரோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. கீழே அதற்குப் போட்டியாகத் தாம்பரம் லோக்கல் தடதடத்து வந்து நின்று, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. இறங்கினவர்களில் பாதிப் பேர் இலவசமாக ஏதோ நடக்கிறது என்று ஷாமியானா ஓரத்தில் நின்றுவிட்டார்கள். நில்லுங்கள், நில்லுங்கள், கூட்டம் கூடக் கூட நல்லது, எனக்குத்தான் நல்லது என்று பிரிசில்லா நினைத்தாள். சிரிக்கப்போகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தாழம்பேட்டில் பாதிப் பேருக்கு அவருக்குப் பேச்சு வராது என்று தெரியும். பெருமாள் கோயில் தெருவில் காய் வாங்கும்போது விரலைக் காட்டி அவர் பேரம் பேசுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிரிப்பு அவளைப் பார்த்து வந்தால் பரவாயில்லை, அது பழகின சிரிப்பு. ஆனால் சிரிக்கிறவர்கள் முதலில் திரும்பிப் பார்க்கப்போவது ஸ்பீக்கரையும் இல்லை, அவளையும் இல்லை, மூன்றாவது நாற்காலியை. தேய்த்த சட்டையை. துண்டை. அப்போது அவர் எங்கே பார்ப்பார்? பதில் சொல்லக்கூட முடியாதே அவரால், ஒரு 'சீ' சொல்லக்கூட முடியாதே. இந்த இடத்தில் வந்ததும் அவள் நினைப்பு ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டின பாவாடை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும், விட்டாலும் நகராது.

அவர் அவளை நன்றாகத்தான் நடத்தினார். அதுவும் ஒரு கஷ்டம். சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். ரயில்வே சுவரை ஒட்டின வீடு. பேட்டி எடுக்க அவள் போனபோது மாடியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலைக்கு மேல் மெட்ரோ போக, காலுக்குக் கீழே லோக்கல் போக, நடுவில் தான் ஒருத்தர்தான் சும்மா இருப்பதாக எழுதிக் காட்டினார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருப்பார், அதன் பின்பக்கம்தான் அவர் பேச்சு. கேள்வி கேட்டால் ஒரு தாள். முன்பக்கம் ராகுகாலம், குளிகை, மேஷத்துக்கு லாபம், ரிஷபத்துக்கு அலைச்சல்; பின்பக்கம் தாழம்பேடு ஸ்டேஷன். பதினான்கு தாள். முதல் தாளில், இது ஸ்டேஷனே இல்லை பாப்பா, வெறும் தண்டவாளம் என்று எழுதியிருந்தார். வண்டி நிற்காமல் போகும். இங்கே இருந்த கூரை ஓடு ஃபாக்டரியில் வேலை செய்கிறவர்கள் ரெண்டு மைல் தள்ளி இறங்கி நடக்க வேண்டும். ஒருநாள் ஒருத்தன் அபாயச் சங்கிலியை இழுத்தான். வண்டி நின்றது, இறங்கினார்கள். மறுநாள் இன்னொருத்தன். அப்புறம் அதற்கு ஒரு முறையே வைத்துக்கொண்டார்கள், திங்கள் இவன், செவ்வாய் அவன் என்று. வண்டியின் கார்டு கத்துவார், போலீஸ் வரும், யார் இழுத்தது என்று கேட்டால் பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்க்கும். ஆறு மாசம் பார்த்த ரயில்வே, எப்படியும் வண்டி அங்கே நிற்கத்தான் போகிறது, நாமே நிறுத்திவிட்டால் மரியாதையாவது மிஞ்சும் என்று ஒரு ஹால்ட் கொடுத்தது. நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி, பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கினால் அதுதான் பிளாட்பாரம். ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டால் அதுதான் மணி. அட்டை டிக்கெட்டும் அதில் தேதி குத்துகிற மெஷினும் வர இன்னும் ரெண்டு வருஷம். சங்கிலியை இழுத்து இழுத்தே வாங்கின ஸ்டேஷன் என்று எழுதிவிட்டு, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆசை வந்தது. இந்தச் சிரிப்புக்கு ஒரு சத்தம் போட்டால் எப்படி இருக்கும் என்று.

அதுதான் ஆரம்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து பிரியாணி சாப்பிட்ட கையோடு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, எதிரொலிக்காக ஒரு காலி பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனில் பதிவு செய்தாள். முதலில் தன் சொந்தக் குரலில்தான் படித்தாள், சத்தியமாக. கேட்டுப் பார்த்தால் சுதந்திர தினக் கட்டுரைப் போட்டி மாதிரி இருந்தது. சங்கிலி இழுத்தவன் அதில் உயிரில்லாமல் கிடந்தான். பிறகு கொஞ்சம் வயசைக் கூட்டினாள். கொஞ்சம் புகையைச் சேர்த்தாள். பிரியாணிக்கடை மாஸ்டரிடமிருந்து கொஞ்சம், பஞ்சாயத்து பேசுகிற பெரியப்பாவிடமிருந்து கொஞ்சம், தேர்தலுக்கு ஓட்டு கேட்டு வந்த ஜீப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, அடிவயிற்றில் போட்டு உருட்டி எடுத்தால், ஆஹா, கேட்மேன் துரைக்கண்ணு வந்து குளியலறையில் உட்கார்ந்துகொண்டார். அவர் பேசப் பேச, இவளுக்கே மரியாதையில் முதுகு நிமிர்ந்தது. அவருடைய நிஜக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சம்பூர்ணம் ஆயாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் கேட்டை மூடித் திறந்தவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும், வேறு எப்படி இருக்கும். அவர் ஒரு தாளின் கீழே தனியாக, 'இதை நீயே உன் வாயால் சொல்லு பாப்பா' என்று எழுதியிருந்தார். அதை வேறு இப்போது நினைத்துத் தொலைத்தாள். உன் வாயால். வாய் இவளுடையதுதான், அதில் பொய் இல்லை. கோர்ட்டில் சொன்னால் எடுபடுமா?

மூன்று ஐம்பத்தாறு. பென் டிரைவ் மைக்செட்காரரின் பெட்டியில் சொருகியிருந்தது. அவர் வாய் நிறைய பஜ்ஜியோடு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கலாம். பிடுங்கிக்கொண்டு ஓடலாம், சப்வேக்குள் இறங்கினால் அந்தப் பக்கம் மார்க்கெட். ஆனால் நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டே. ஸ்டேஷன் மாஸ்டர் குரலில் மிஸ்ஸுக்கு போன் செய்து, மேலிடத்து உத்தரவு, ஆடியோ வேண்டாம் என்று சொல்லலாம். அவர் குரல் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனால் அவரே மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மிஸ் குரலில் மைக்செட்காரரை அதட்டலாம். டாக்டர் குரலில் சம்பூர்ணத்துக்கு போன் செய்து, பெரியவரை உடனே வீட்டுக்குக் கூட்டிப்போங்க, வெயில் ஆகாது எனலாம். யோசித்த வழி அத்தனையும் இன்னொருத்தர் குரலிலேயே வந்ததை அவள் கவனித்தாள். தன் குரலில் ஒரு வழிதான் இருந்தது. போய் மிஸ்ஸின் முந்தானையைத் தொட்டு, மிஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு என்பது. அதற்கு எட்டு அடி நடக்க வேண்டும். இரண்டு அடி நடந்தும்விட்டாள். அப்போது சம்பூர்ணம் அவளைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி, பாப்பா, இங்க வா, தண்ணி குடு என்றாள். போகாமல் இருக்க முடியுமா. போய்க் குனிந்து பாட்டிலை நீட்டினாள். துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் கட்டை எடுத்தார். அவர் எழுதுவதற்குள் ஸ்பீக்கர் உயிர் பெற்று ஒரு விசில் அடித்தது, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிரிசில்லா ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டாள். தூண் சில்லென்று இருந்தது. தூணே, என்னை விழுங்கு.

தூண் விழுங்கவில்லை. முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார், நிஜ ஸ்டேஷன் மாஸ்டர், புள்ளிவிவரமாக. பிறகு பூக்காரம்மா, காலை ஐந்தேகால் வண்டியில் மல்லிகை வந்து இறங்குவதைப் பற்றி. மூன்றாவதாக இருபது வருஷமாக லேடீஸ் பெட்டியில் போய்வருகிற ஒரு நர்ஸ். ஐயோ, சீக்கிரம் பேசுகிறாளே, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசேன் அக்கா. அவளும் முடித்தாள். ஸ்பீக்கர் ஒரு மூச்சு எடுத்தது. அது பிரிசில்லாவின் மூச்சு. நான் கேட்மேன் துரைக்கண்ணு பேசுறேன் என்று தாழம்பேடு அதிர்ந்தது. பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. சங்கிலி வந்தது, ஸ்லீப்பர் கட்டை வந்தது, இன்னும் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பின்வரிசைகளில் சில தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்து குசுகுசுத்தன, சில தலைகள் மூன்றாவது நாற்காலியைத் தேடின, அதுவரைக்கும் அவள் பயந்தபடியேதான். ஆனால் மூன்றாவது நாற்காலி ஆடவில்லை அசையவில்லை. முழங்கால் மேல் ரெண்டு கையையும் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, தாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் ஒரு கல்யாணக் கதைக்கு வந்திருந்தது: கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டை மறித்து நின்றுவிட்டது, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் பொண்ணு, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம், நான் கார்டு கிட்ட போயி சார் ஒரு உதவின்னு கேட்டு, மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோட கடைசிப் பெட்டியில அந்தப் பக்கமா ஏத்தி இந்தப் பக்கமா எறக்கினேன். அப்போதுதான் பிரிசில்லா பார்த்தாள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏத்தி என்கிற இடத்தில் ஏத்தி, எறக்கினேன் என்கிற இடத்தில் எறக்கினேன். ஒரு அரை நொடிகூடப் பிந்தவில்லை. அவர் எழுதினதுதானே, அவருக்குத் தெரியாதா. ஸ்பீக்கர் சிரித்த இடத்தில் அவர் தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, அவர் பேச, அதுதான் நாலு மூலையிலும் கேட்கிறது என்றே தோன்றும். கோபமில்லை. அவருக்குக் கோபமில்லை. அப்பா. பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, விருந்தாளிகளுக்கான தண்ணீரை ஒரே மூச்சில் தானே குடித்தாள். இவ்வளவு ருசியான தண்ணீரை ரயில்வே இதுவரை கொடுத்ததில்லை. ஆனால் சம்பூர்ணம் குனிந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு குலுங்கக் குனிந்திருந்தாள். அழுகிறாள். போச்சு. பதினோரு வருஷம் கழித்து புருஷன் குரலைக் கேட்டால் அழாமல் என்ன செய்வாள், பொய்க் குரல் என்று வேறு தெரிந்து அழுகிறாளோ. காலி பாட்டிலைக் கையில் நசுக்கினாள்.

கைதட்டல் முடிவதற்குள் வேதமூர்த்தி எழுந்துவிட்டார். எழுந்திருப்பார் என்று பிரிசில்லா எதிர்பார்த்திருக்க வேண்டும், நோட்டீஸை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். மைக் கேட்டு வாங்கவில்லை, அவருக்குத் தேவையுமில்லை. டீச்சரம்மா தப்பா நினைக்கக் கூடாது, கதை அத்தனையும் நிஜம், நானே சாட்சி, ஆனா இது துரைக்கண்ணு குரல் இல்லை என்றார். மிஸ் விழித்தார். வேதமூர்த்தி நிறுத்தவில்லை. துரைக்கண்ணுவுக்குக் கீச்சுக் குரல் அம்மா, அணில் மாதிரி, இந்த ஸ்டேஷனில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க என்று ஆரம்பித்து, புதிதாக வந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கேட் போனில் இவர் பேசினதைக் கேட்டு, ஏம்மா, வீட்டுக்காரர் இல்லையா, கேட்மேன்கிட்ட போனைக் குடும்மா என்று சொன்ன கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. இவர் நில்லு நில்லு என்று கத்தினால் லாரிக்காரன் ஒருத்தனும் நிற்க மாட்டான், குறுக்கே ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பார், அப்புறம்தான் நிற்பான், முப்பத்தாறு வருஷமும் இப்படித்தான் என்றார். வேதமூர்த்தியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. சேக்காளியைப் பற்றி ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டம் சிரித்துக்கொண்டே மூன்றாவது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தது. அரை மணி நேரமாக அவள் பயந்துகொண்டிருந்த அதே திரும்பல். துரைக்கண்ணுவின் தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பிரிசில்லா எட்டு அடியை மூன்று அடியில் நடந்தாள். எந்தக் குரலில் பேசப்போகிறோம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, எனவே கையில் இருந்ததே வந்தது, மெல்லிசாக, கொஞ்சம் பிசிறடித்து.

"மிஸ், அது நான்தான் மிஸ். தாத்தா எழுதிக் குடுத்தாரு, நான் பேசினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

மிஸ்ஸின் கை கண்ணருகே போய்த் திரும்பியது. அழுதது ஞாபகம் வந்திருக்கும். கூட்டம் இப்போது அவளைப் பார்த்தது, நல்லது, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருங்கள். ஆனால் துரைக்கண்ணு விரலைச் சொடுக்கினார். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு நன்றாக வரும். எல்லோரும் திரும்பினார்கள். காலண்டர் தாளைத் தொடை மேல் வைத்து, அவசரமே இல்லாமல் எழுதினார். ஒரு முறை நிறுத்தி, ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே எழுதினார். தாளைக் கிழித்து பிரிசில்லாவிடம் நீட்டி, மைக்கைக் காட்டினார். அவள் படித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னவோ நடந்தது. மைக்குக்கு முன்னால் போய் நின்று, வேதமூர்த்தி என்று தன் குரலில் ஆரம்பித்தாள். அவர் கையை ஆட்டி, இது இல்லை என்றார். நெஞ்சைத் தட்டி, ஸ்பீக்கரைக் காட்டினார். அந்தக் குரல். பிரிசில்லா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் ஒரு பெருமூச்சு விட்டு, படி என்று தலையாட்டினார். பிரியாணி மாஸ்டரும் பெரியப்பாவும் ஓட்டு கேட்ட ஜீப்பும் ஒருங்கே வந்து அவள் அடிவயிற்றில் இறங்கினார்கள்.

"வேதமூர்த்தி, அது என் குரல்தான். முப்பத்தாறு வருஷமா எனக்குச் சளி. இப்பதான் விட்டுச்சு."

முதலில் சிரித்தது சம்பூர்ணம். முந்தானையை எடுத்துவிட்டாள், கண் முழுக்க தண்ணீர், முகம் சிவந்து கிடந்தது. அவள் அழவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே சிரிப்பை அடக்க முடியாமல்தான் குனிந்திருந்திருக்கிறாள். இந்தக் குரல்ல ஒருநாள் காப்பி கேட்டிருந்தா அரிசியைப் போட்டுட்டு ஓடியாந்திருப்பேனே என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். வேதமூர்த்தி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு பின்வரிசைக்குப் போய், ஓரத்தில் நின்றவர்களுக்குப் போய், பஜ்ஜி வாயோடு இருந்த மைக்செட்காரருக்குப் புரையேறியது. துரைக்கண்ணு நடுவில் அசையாமல், தாடையைப் பழையபடி தூக்கிக்கொண்டு, வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்ட மனுஷராக உட்கார்ந்திருந்தார். பிரிசில்லாவுக்குத் தலை லேசாகி, ஷாமியானாத் துணியைப் போல ஆடியது. நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் வாங்குவது உறுதி, அம்மாவிடம் கரண்டி உறுதி, கெமிஸ்ட்ரி புத்தகத்து அழைப்பிதழுக்குத் தனிக் கணக்கு. வரட்டும், எல்லாம் வரட்டும், அதெல்லாம் தனக்கு வருவது. எதுவும் அவரிடம் போகவில்லை. அவரைத் தொடவில்லை. அவ்வளவு போதும். அவர் இன்னொரு தாளை எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை எழுத்து அவசரமாக, பெரிதாக இருந்தது. நீட்டினார். அவள் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள், நிஜமாவா தாத்தா என்று கேட்பதுபோல. அவர் கழுத்துத் துண்டைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார். பழைய கேட் இருந்த இடத்தில், சப்வே ரோட்டைப் பார்த்து. அவள் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, முப்பத்தாறு வருஷத்தையும் சேர்த்து மூச்சை இழுத்தாள்.

"யோவ் லாரி. நில்லு."

நாலு ஸ்பீக்கரிலிருந்தும் அது கிளம்பிப் போனது. சப்வேயில் இறங்கப்போன தண்ணீர் லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டு, மேலே இருந்து தண்ணீரை ரோட்டில் பளபளவென்று சிந்திக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, யாரு சார், இன்னா சார் என்று பயந்தபடி நாலா பக்கமும் பார்த்தார். துரைக்கண்ணு அந்த லாரியை நிதானமாக, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு முறை பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, சரி, போகலாம் என்று விட்டார்.